பெல்ஜியம் போனவர்களே, இன்னும் உறுத்தும் ஒரு சம்பவம் சொல்லுங்கள்

தெற்குவாசல்:
ப்ரஸ்ஸல்ஸ், கான்டியோன் ப்ரூவரி. லாம்பிக், அதாவது ஈஸ்டைத் தனியாகச் சேர்க்காமல் காற்றில் வருவதை வைத்தே நொதிக்கவிடும் பியர், எப்படி உருவாகிறது என்று இங்கே எல்லோருக்கும் தெரியும், நேராக விஷயத்துக்கு வருகிறேன். கூரைக்கு அடியில், காய்ச்சிய சாற்றை ராத்திரி முழுக்க ஆறவிடும் அந்த ஆழமில்லாத செம்புத் தொட்டி இருக்கிறதே, அதன் பக்கத்தில் கால் மணி நேரம் நின்றேன். ராத்திரிக் காற்றில் வரும் ஈஸ்ட்தான் எல்லாம். பூச்சிகளைப் பிடிக்கும் என்று சிலந்தி வலையைக்கூட அங்கே கலைப்பதில்லை. இதையெல்லாம் ரசித்துவிட்டுக் கீழே வந்து க்யோஸ் என்ற லாம்பிக் கலவையை ஒரு வாய் குடித்தேன். புளித்த மோர் மாதிரி இருந்தது, முகம் சுருங்கிவிட்டது. பாதி கிளாஸை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். ஊற்றிக் கொடுத்த பெரியவர் கிளாஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. ஒரு வருஷம், இரண்டு வருஷம், மூன்று வருஷம் பீப்பாயில் கிடந்ததைக் கலந்து செய்த பியர் அது. அந்தப் பார்வை இன்னும் போகவில்லை.

வைகைக்கரை:
கெண்ட் நகரம், டுல்லே க்ரிட் என்ற பியர் கடை. பெரிய கிளாஸ் வேண்டுமென்றால் ஒரு ஷூவை ஈடாகக் கொடுக்க வேண்டுமே, அதே கடைதான். என் ஷூ கூடையில் ஏறிக் கயிற்றில் மேலே போனது. எல்லோரும் கைதட்டினார்கள். அப்பா மட்டும் மேசைக்கு அடியில் குனிந்தார். டிசம்பர் மாதம், தரை ஜில்லென்று இருந்தது. தன் ஷூவைக் கழற்றி என் பக்கம் தள்ளி, "போட்டுக்கடா, சளி பிடிக்கும்" என்றார். அவர் பியரைத் தொடாதவர். நானும் போட்டுக்கொண்டேன். கிளாஸ் காலியாகும் வரை ஒரு காலை மடக்கியே உட்கார்ந்திருந்தார்.

மணிமுத்தாறு:
தெற்குவாசல், புளித்த மோர் என்று எழுதியதை ஒப்புக்கொள்ள மாட்டேன். முதல் வாயில் க்யோஸை எடைபோடக் கூடாது, மூன்றாவது வாயில்தான் வாசனையே பிடிபடும். என் அனுபவம் சின்னது. ப்ரூஜில் டி ஹால்வே மான் ப்ரூவரி 2016இல் தெருக்களுக்கு அடியில் 3 கிலோமீட்டருக்கு மேல் குழாய் போட்டு, பியரைப் பாட்டில் நிரப்பும் இடத்துக்கு அனுப்புகிறது. அந்தத் தெருவில் நின்று காலுக்குக் கீழே பார்த்தேன், அவ்வளவுதான். அப்புறம், இனிமேல் போகிறவர்களுக்கு: கெண்டில் தங்குங்கள். ப்ரூஜும் ப்ரஸ்ஸல்ஸும் ரயிலில் சுமார் அரை மணிதான். ப்ரூஜில் பகல் முழுக்கக் கூட்டம், விடிகாலையில் கால்வாய் ஓரம் நடந்தால்தான் ஊர் தெரியும். அங்கே பெல்ஃப்ரி என்ற மணிக்கோபுரத்துக்கு 366 படி, முழங்கால் வலி உள்ளவர்கள் ஏற வேண்டாம். வாஃபிள் என்றால் லியேஜ் வகை வாங்குங்கள், மாவுக்குள்ளேயே சர்க்கரைக் கட்டி இருக்கும், மேலே க்ரீம் எதுவும் தேவையில்லை. சைவம் சாப்பிடுகிறவர்கள் ஃப்ரைட் (உருளைக்கிழங்கு வறுவல்) கடையில் எந்த எண்ணெய் என்று கேட்டுவிட்டே வாங்குங்கள். பழைய முறைப்படி மாட்டுக் கொழுப்பில்தான் இரண்டு முறை பொரிப்பார்கள்.

செம்பருத்தி:
மணிமுத்தாறு சொன்ன கடைசி விஷயம்தான் என் கதை. அம்மா முட்டைகூடத் தொடமாட்டார். ப்ரஸ்ஸல்ஸில் மூன்று நாளும் எங்களுக்கு உருளைக்கிழங்குதான் கைகொடுத்தது. மூன்றாம் நாள் கடைக்காரர் ஒரு வெள்ளைக் கட்டியைச் சட்டிக்குள் போட்டார். என்ன அது என்று கேட்டேன், சொன்னார். திரும்பினால் அம்மா பெஞ்சில் உட்கார்ந்து, கூம்புப் பொட்டலத்தின் அடியில் கிடந்த துண்டுகளை விரலால் தேடிக்கொண்டிருந்தார். ஊருக்கு வந்த பிறகும், நம் கிழங்குக்கு அந்த மொறுமொறுப்பு வரமாட்டேன் என்கிறதே என்று என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார். இன்று வரை நான் சொல்லவில்லை.