மலையக வீதியோரச் சுவர் விளம்பரங்களை எப்படிப் பதிவு செய்வது?

கேள்வி (கொட்டகலை)

ஹட்டனிலிருந்து தலவாக்கலை வழியாக நுவரெலியாவுக்குப் போகும் வீதியில், பழைய கடைகளின் பக்கச் சுவர்களிலும் தகரக் கொட்டகைகளிலும் தூரிகையால் எழுதிய சவர்க்கார, பிஸ்கட், தேயிலை விளம்பரங்கள் ஒவ்வொன்றாக மறைந்து வருகின்றன. பாடசாலைக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்து நான் எழுத்துக்கூட்டிப் படித்த சவர்க்கார விளம்பரம் ஒன்று, கைத்தொலைபேசி நிறுவனமொன்றின் புதிய பூச்சுக்கு அடியில் சென்ற மாதம் மறைந்துவிட்டது. அதன் படம் ஒன்றுகூட என்னிடம் இல்லை. எஞ்சியவற்றையாவது முறையாகப் பதிவு செய்ய விரும்புகிறேன். படம் எடுத்தால் மட்டும் போதுமா? எழுதிய காலத்தை எப்படிக் கணிப்பது?

மறுமொழி (பண்டாரவளை)

மழை விட்ட கையோடு போய்ப் பாருங்கள். காய்ந்த சுவரில் கண்ணுக்குப் படாத எழுத்து, ஈரம் ஊறியதும் துலங்கும். வெயில் சாய்வாக விழும் காலை வேளையும் நல்லது. எண்ணெய் வர்ணம் காத்து நின்ற இடம் சுற்றியுள்ள சாந்தைவிடச் சற்று மேடாக இருக்கும். எங்கள் ஊர்க் கடையொன்றின் ஈரச் சுவரில், பிஸ்கட் விளம்பரத்துக்கு அடியிலிருந்து, யானைத் துதிக்கை போன்ற கொம்புடைய பழைய ‘லை’ ஒன்று சிவப்பாக மேலெழுந்ததை அப்படித்தான் கண்டேன். அது முன்னொரு காலத்துத் ‘தேயிலை’யின் கடைசி எழுத்து. அந்த வடிவத்தைத் தமிழ்நாடு 1978இல் மாற்றியது என்றாலும், இங்கே கையால் எழுதியவர்கள் அதன் பிறகும் அதை எளிதில் விடவில்லை. ஆகவே அதை மட்டும் நம்பி ஆண்டு குறிக்க வேண்டாம்.

தொலைபேசி எண் உறுதியான சான்று. கண்டிக் கடையின் எண் 081க்குப் பதிலாக 08 என்ற பழைய குறியீட்டுடன் இருந்தால், அது குறியீடு மாறுவதற்கு முந்தைய எழுத்து. சிகரட், மதுபான விளம்பரங்களைப் புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகார சபையின் 2006ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. அத்தகைய சுவர்கள் பல வெள்ளையடிக்கப்பட்டதற்கு அதுவே காரணம்.

மறுமொழி (கண்டி)

வீதியும் வளைவும் தெரியும்படி ஒரு படம், முழுச்சுவரும் நேராக ஒன்று, பிறகு எழுத்துகள் கிட்டத்தில் என்று எடுங்கள். அருகிலுள்ள கிலோமீற்றர் கல்லையும் குறித்துக்கொள்ளுங்கள். தேயிலைத் தொழிற்சாலைகளில் எழுதிய தோட்டப் பெயர்களும் இதில் சேர்த்திதான்; ஆனால் தோட்டத் துரையிடம் (முகாமையாளரிடம்) முன்கூட்டியே அனுமதி பெறுங்கள்.

அமெரிக்காவில் பண்ணைக் கொட்டகைகளில் மெயில் பௌச் புகையிலை விளம்பரம் எழுதிய ஹார்லி வாரிக்கின் பெயர் இன்றும் பேசப்படுகிறது. வீதியோர விளம்பரங்களைக் கட்டுப்படுத்திய 1965ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்துகூட அக்கொட்டகைகளுக்குப் பின்னர் விலக்குக் கிடைத்தது. நம் சுவர்களை எழுதியவர்களின் பெயரை யார் எழுதி வைத்தார்கள்? சுவரின் கீழ்மூலையில் புல்லை விலக்கிப் பாருங்கள். ‘ஆர்ட்ஸ்’ என்று முடியும் சிறிய ஒப்பம் இருக்கக்கூடும். அச்சிட்ட பதாகைகள் வந்து தொழிலை இழந்த அந்தப் பெயின்டர்கள் இருக்கும்போதே அவர்களுடைய பேச்சைப் பதிவு செய்வதைத்தான் நான் முதல் வேலையாகச் சொல்வேன்.

கேட்டவர்

மிக்க நன்றி. இன்று மாலை சாரல் நின்றதும் பத்தனைச் சந்திப் பக்கத்துக் கடையொன்றின் கீழ்மூலையைப் பார்த்தேன். ‘ஆர்ட்ஸ்’ தெரிகிறது, அதற்கு முன்னால் இருந்த பெயர் சாந்தோடு பெயர்ந்து போயிருக்கிறது. கடைக்காரப் பெரியவர் ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.