படகுப் பலகை நீலமாக எரிகிறது, அடுப்பில் வைக்கலாமா?

தங்கச்சிமடம் தம்பி:
எங்கள் வீட்டில் கேஸ் அடுப்பு காபிக்கு மட்டும்தான். சோறும் மீன்குழம்பும் பின்கொட்டகையில் விறகடுப்பில் வைத்தால்தான் அம்மாவுக்குச் சமைத்த மாதிரி. மாசியில் பழைய மண் அடுப்பை இடித்துவிட்டுச் செங்கல்லில் புதிதாகக் கட்டி, நாலு அங்குலக் குழாய் வைத்துக் கூரைக்கு வெளியே விட்டேன். கச்சான் காற்று (மேற்கிலிருந்து அடிப்பது) கிளம்பியதிலிருந்து புகை அந்தக் குழாய் வழியாகவே திரும்பி உள்ளே வருகிறது. மேற்குப் பக்கத்து வீட்டில் மாடி கட்டியிருக்கிறார்கள், அதனாலா தெரியவில்லை. விறகு சீமைக்கருவேலம், வெட்டி பத்து நாள் இருக்கும். அது போக, சித்தப்பாவின் உடைந்த நாட்டுப்படகுப் பலகை ஒரு குவியல் கிடக்கிறது. அது சட்டென்று பிடிக்கிறது, சுடர் பச்சையும் நீலமுமாக வருகிறது. அதையே எரித்துத் தீர்க்கலாமா?

உளிச்சத்தம்:
வேண்டாம் தம்பி. நான் படகு வேலை பார்க்கிறவன். அந்தப் பலகையில் வருடா வருடம் அடித்த பெயிண்ட் அடுக்கடுக்காக இருக்கும், பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம், பாசி பிடிக்காமல் இருக்க அடியில் பூசுவதில் தாமிரம் இருக்கும், ஆணியும் சில படகில் தாமிரம்தான். நீங்கள் அழகு என்று பார்க்கிற பச்சை அதிலிருந்து வருவது. பெயிண்டே இல்லாத, கரையில் ஒதுங்கின கட்டையும் ஆகாது. உப்பு ஊறின மரம் எரிந்தால் புகையில் நஞ்சு சேரும், அடுப்புக் கம்பியையும் சீக்கிரம் அரித்துவிடும். ஃபைபர் ஒட்டின துண்டு என்றால் கேட்கவே வேண்டாம். அந்தச் சாம்பலில் பாத்திரம் தேய்க்காதீர்கள், முருங்கைக்கும் போடாதீர்கள்.

சாயல்குடி அக்கா:
பத்து நாள் விறகை எரித்தால் புகையாமல் என்ன செய்யும்? சூட்டில் ஒரு பங்கு ஈரத்தை விரட்டவே போய்விடும். நாங்கள் கருப்பட்டி காய்ச்சுகிறவர்கள், பதநீர் கொப்பரை அடுப்பில் இருக்கும்போது தீ ஒரே சீராக நிற்க வேண்டும், அதனால் விறகில் ஏமாற மாட்டோம். கருவேலத்தை மணிக்கட்டுத் தடிமனுக்குப் பிளந்து, தரையில் படாமல் கல் மேல் அடுக்கி, மேலே மட்டும் தகரம் போட்டு, பக்கவாட்டில் காற்று போகவிட்டு ஒரு கோடை கிடக்கட்டும். காய்ந்துவிட்டதா என்று பார்க்க இரண்டு துண்டைத் தட்டுங்கள், ணங்கென்று கேட்க வேண்டும், ஈர விறகு பொத்தென்று கேட்கும். வெட்டுமுகத்தில் வெடிப்பு ஓடியிருக்கும், பட்டை கையோடு வரும். (எடுக்கும்போது குச்சியால் தட்டிவிட்டு எடுங்கள், பூரான் இருக்கும்.) அதுவரை விறகுக்கடையில் காய்ந்ததாகப் பார்த்து வாங்குங்கள். பற்றவைக்கப் பன்னாடையும் காய்ந்த ஓலையும் போதும், மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம். அப்புறம் அடுப்பு வாயை விறகால் அடைக்காதீர்கள். நாலு கம்பியைக் குறுக்கே போட்டு விறகை அதன் மேல் வையுங்கள், அடியில் காற்று போனால் ஊதாங்குழலுக்கு வேலையே இருக்காது. சட்டியின் அடியில் சாம்பலைக் குழைத்துப் பூசிவிட்டு ஏற்றினால் கரி கழுவும்போதே போய்விடும்.

கரண்டிக் கொத்தன்:
மாடிதான் காரணம். மேற்குக் காற்று அந்தச் சுவரைத் தாண்டி உங்கள் கூரை மேல் விழுகிறது, விழுகிற காற்று புகையைக் குழாய்க்குள் அமுக்குகிறது. குழாயை உயர்த்துங்கள், முடிந்தால் மாடிச்சுவரை விட்டுத் தள்ளிக் கொண்டுபோங்கள், உச்சியில் தொப்பி போடுங்கள். நடுவில் தொண்ணூறு டிகிரி முழங்கை வளைவு இருந்தால் எடுத்துவிடுங்கள். பிவிசி குழாய் இல்லையே? பல வீட்டில் அதைத்தான் வைக்கிறார்கள், உருகி வழிந்ததைப் பார்த்திருக்கிறேன். காலையில் குழாய் குளிர்ந்து கிடக்கும், முதலில் ஒரு ஓலைக் கீற்றைக் கொளுத்திக் குழாயின் அடிவாயருகே பிடியுங்கள், புகையை மேலே இழுக்கத் தொடங்கியதும் விறகைப் பற்றவையுங்கள். மாதம் ஒருமுறை கயிற்றில் தேங்காய் நார்க் கட்டு கட்டி உள்ளே இழுத்துவிடுங்கள். தார் மாதிரி ஒட்டுகிற கரி ஒருநாள் குழாய்க்குள்ளேயே பிடித்துக்கொள்ளும், ஈர விறகு எரிக்கிற வீட்டில் அது அதிகம்.

பகல்டூட்டி:
நான் நர்ஸ், ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். வாடை மழையில் குளிருக்கென்று கங்குச் சட்டியை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தாதீர்கள். புகையே தெரியாது, ஆனால் கார்பன் மோனாக்சைடு வரும், தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். சாம்பலுக்குள் மறுநாள் வரை கங்கு உயிரோடு இருக்கும், அள்ளி ஓலைக் கூரை ஓரம் கொட்டாதீர்கள். சுட்டுவிட்டால் பேஸ்ட், மை எதுவும் வேண்டாம், இருபது நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். அம்மா அடுப்படிக்கு நைலான் சேலையோடு போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கச்சிமடம் தம்பி:
மூன்று வாரம் ஆச்சு. குழாய் ஆறடி ஏறிவிட்டது (பிவிசி இல்லை அண்ணே, சிமெண்ட்தான்), விறகுக்கடையில் தட்டிப் பார்த்துத்தான் வாங்கினேன், கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தார். புகை கொட்டகைக்குள் இப்போது பற்றவைக்கிற இரண்டு நிமிடம்தான். பலகைகளைக் கருவேலம் அடுக்க அடித்தளமாகப் போட்டுவிட்டேன், அம்மா மட்டும் அந்த நீலச் சுடர் நன்றாக இருந்தது என்கிறார். இப்போது ஒரு புது வம்பு: பழைய கணக்குக்கே விறகு வைத்து நேற்று சோறு அடிப்பிடித்துவிட்டது. அக்கா, பாதி வெந்ததும் எத்தனை விறகை வெளியே இழுப்பீர்கள்?