பழைய காசு, தபால்தலை விற்கிறவங்க சொல்லுங்க: ரிட்டர்ன் வந்தப்போ என்ன செஞ்சீங்க?

திருச்சியிலிருந்து:

எனக்குக் கடை கிடையாது. சேகரிப்புல ரெண்டு மூணா இருக்கிற காசுகளை மட்டும் ஆன்லைன்ல போட்டு, வர்ற பணத்துல இல்லாததை வாங்குவேன். ஆறு வருஷத்துல ரிட்டர்ன் வந்தது மொத்தம் ஏழு. அதுல ஆறை மறந்துட்டேன். ஏழாவது இன்னும் மனசுல கிடக்குது.

போன வருஷம் ஒரு பன்றி ரூபாய் போட்டிருந்தேன். புதுசா வந்தவங்களுக்காகச் சொல்லிடறேன்: 1911-ல வந்த ஐந்தாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாய் அது. ராஜாவோட அங்கியில ஒரு யானை இருக்கும். தும்பிக்கை குட்டையா அமைஞ்சதால பார்க்கிறவங்க கண்ணுக்கு அது பன்றியாத் தெரிஞ்சுது, ஜனங்க கொதிச்சுட்டாங்க. அரசாங்கம் காசைத் திரும்ப எடுத்து உருக்கிட்டு, 1912-ல தும்பிக்கையைச் சரிபண்ணி மறுபடி அடிச்சாங்க. அச்சடிச்சது 94 லட்சம், வெளியே போனது 7 லட்சம்தான்னு காசு புத்தகங்கள்ல இருக்கும். அதனாலதான் அதுக்கு இந்த மவுசு. மவுசு இருக்கிற இடத்துல போலியும் இருக்கும்.

நாலாயிரத்து ஐந்நூறுக்குப் போச்சு. வாங்கினவர் வெளி மாநிலம். பார்சல் போய்ச் சேர்ந்த மூணாம் நாள், "விவரத்தில் சொன்னபடி இல்லை, போலி"ன்னு புகார் போட்டார். கூடவே ரெண்டு போட்டோ. நான் போன்ல கேட்டேன், "சார், எதை வெச்சு போலின்னு சொல்றீங்க?" பக்கத்து நகைக்கடையில காட்டினாராம், வெள்ளி இல்லைன்னு சொன்னாங்களாம். சரி, அனுப்புங்க, பார்த்துக்கலாம்னு சொல்லிட்டேன். என் காசு மேல எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

வீடியோ எடுத்துக்கிட்டே பார்சலைப் பிரிச்சேன். கையில எடுத்ததுமே தெரிஞ்சு போச்சு. என் காசு இல்லை அது.

மேஜை மேல லேசாத் தட்டினா வெள்ளி "கணீர்"னு இழுக்கும். இது "டொக்"னு நின்னுடுச்சு. தராசுல வெச்சேன், 9.90 கிராம். பிரிட்டிஷ் ரூபாயோட எடை 11.66. நூறு வருஷம் கைமாறித் தேஞ்சாலும் கொஞ்சம் குறையுமே தவிர, இவ்வளவு குறையாது. விளிம்பைத் திருப்பிப் பார்த்தா வரிகள் மழுங்கி, நடுவுல சுத்திலும் ஒரு மெல்லிய கோடு ஓடுது. ரெண்டு பாதியா வார்த்து ஒட்டின தடம் அது. நான் அனுப்பின காசுல வரிகள் ஒவ்வொண்ணும் நகத்துல தட்டுப்படும்.

எல்லாத்தையும் விட முக்கியம் ஒரு மச்சம். என் காசுல, ராஜாவோட முகத்துக்கு எதிர்ப்பக்கம், "எம்பரர்"ங்கிற எழுத்துகள் முடியிற இடத்துல, விளிம்புல நக நுனி அளவுக்கு ஒரு வெட்டு இருக்கும். அதை மறைக்காம விவரத்துல எழுதியிருந்தேன், தனிப் போட்டோவும் போட்டிருந்தேன். திரும்பி வந்த காசுல அந்த வெட்டு இல்லை.

அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரலை. பணத்துக்காக இல்லை. அது எங்க தாய்மாமா இறக்கும்போது கொடுத்த பெட்டியில இருந்த காசு.

விற்பனைத் தளத்துக்காரங்களோட முதல் சுற்றுத் தீர்ப்பு எனக்கு எதிரா வந்துச்சு, பணம் அவருக்குத் திரும்பிடுச்சு. மேல்முறையீடு போடலாம்னாங்க. அப்போதான் அவர் புகார்ல போட்டிருந்த ரெண்டு போட்டோவையும் பெருசு பண்ணிப் பார்த்தேன். அவர் எடுத்த போட்டோவுலயே அந்த வெட்டு பளிச்சுன்னு இருக்கு! புகார் கொடுக்கிற அன்னைக்கு அவர் கையில இருந்தது என் காசு, எனக்கு வந்தது வேற காசு. நான் போட்ட போட்டோ, அவர் போட்ட போட்டோ, பிரிச்ச வீடியோவுல இருக்கிற காசு, இந்த மூணையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு, வெட்டைச் சுத்தி சிவப்பு வட்டம் போட்டு, நாலே வரியில எழுதி அனுப்பினேன். திட்டலை, அழலை. ஒன்பது நாள்ல பணம் எனக்குத் திரும்ப வந்துச்சு. காசு வரலை.

அந்த வெட்டை மட்டும் விலை குறையுமேன்னு மறைச்சிருந்தா, என்கிட்ட ஒரு ஆதாரமும் இருந்திருக்காது. இப்போ காசைப் போட்டோ எடுக்கிறப்போ அழகைத் தேடறதுக்கு முன்னாடி காயத்தைத் தேடறேன். உங்க அனுபவத்தையும் எழுதுங்க.


மதுரையிலிருந்து:

அண்ணா, படிச்சுட்டு மனசு கஷ்டமாயிடுச்சு. மாமா கொடுத்த காசுன்னா அதுக்கு விலை ஏது.

எனக்கு நடந்தது வேற மாதிரி. திண்டுக்கல் பக்கம் ஒரு தம்பி, அவங்க அப்பாவோட பிறந்தநாளுக்குன்னு 1918 வெள்ளி ரூபாய் ஒண்ணு வாங்கினார். நீலமும் கறுப்புமா, ஓரத்துல கொஞ்சம் தங்க நிறமா, காலப்போக்குல நிறம் ஏறின காசு. சேகரிக்கிறவங்க அந்த நிறத்துக்காகவே கூடக் கொடுப்பாங்க. நாலு நாள் கழிச்சு போட்டோ அனுப்பறார்: "அக்கா, காசு பூரா கீறலா இருக்கு, ரிட்டர்ன் எடுத்துக்கோங்க."

பார்த்தா காசு பளபளன்னு இருக்கு! "தம்பி, என்ன பண்ணீங்க?"ன்னு கேட்டேன். கறுத்துப் போயிருக்கேன்னு அவங்க அம்மா விபூதி போட்டுத் தேய்ச்சிருக்காங்க. போகலைன்னதும் பல்பொடி. வீட்டுல வெள்ளிக் குத்துவிளக்கைத் தேய்க்கிற மாதிரியே தேய்ச்சுட்டாங்க. அந்த அம்மாவை நான் எப்படிக் குத்தம் சொல்வேன்? கறுத்த வெள்ளியைத் துலக்கி வைக்கணும்னுதானே நம்ம வீட்டுல எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்தது.

ரிட்டர்ன் எடுத்துக்கலை. அதுல நான் உறுதியா இருந்தேன். நான் அனுப்பின காசு அது இல்லை, அந்த நிறம் இனி வராது. ஆனா அரை மணி நேரம் போன்ல பேசினேன், தேய்ச்ச காசுக்கு ஏன் விலை பாதியாப் போகுதுன்னு பொறுமையா சொன்னேன். "யாருமே இதைச் சொல்லலையே அக்கா"ன்னார். அது என்னைச் சுட்டுச்சு. நானும்தான் சொல்லலை. அன்னையிலிருந்து ஒவ்வொரு பார்சல்லயும் ஒரு துண்டுச் சீட்டு வைக்கிறேன்: "கறுப்பு அழுக்கு இல்லை. விபூதி, புளி, எலுமிச்சை, பேஸ்ட் எதுவும் வேண்டாம். ஓரத்தைப் பிடிச்சு எடுங்க." அதுக்கப்புறம் இந்த மாதிரிப் பிரச்சினை ஒண்ணுகூட வரலை.

இன்னொண்ணு. மலிவான பி.வி.சி. கவர்ல போட்டு அனுப்பாதீங்க. நம்ம ஊர் புழுக்கத்துல பச்சையா பிசுபிசுன்னு காசு மேல இறங்கிடும். அந்தப் புகார் வந்தா தப்பு நம்மளோடதுதான்.


கோயம்புத்தூரிலிருந்து:

இதுவரை வாங்கியவர்களின் தவற்றையே பேசியிருக்கிறோம். தவறு என்னுடையதாக இருந்த ஒன்றை நான் எழுதுகிறேன்.

நான் தபால்தலைக்காரன். 1948 ஆகஸ்ட் 15 அன்று, சுதந்திரத்தின் முதலாம் ஆண்டு நிறைவில், காந்தியடிகளுக்காக நான்கு தபால்தலைகள் வெளியாயின: ஒன்றரை அணா, மூன்றரை அணா, பன்னிரண்டு அணா, பத்து ரூபாய். சுவிட்சர்லாந்தின் கூர்வாசியே அச்சகத்தில் அச்சானவை. இவற்றில் பத்து ரூபாய்த் தலை எல்லோருடைய கனவு. என்னிடம் இருந்த ஒன்றை, "பின்புறப் பசை அசல், கீல் ஒட்டாதது" என்று எழுதி விற்றேன். (கீல் என்பது தலையை ஆல்பத்தில் ஒட்டும் சிறு காகிதத் துண்டு.) அப்படித்தான் நம்பினேன். ஒரு கண்காட்சியில் நல்ல விலை கொடுத்து வாங்கியது.

வாங்கியவர் காரைக்குடிப் பக்கம், ஓய்வுபெற்ற ஆசிரியர். ஒரு வாரம் கழித்துத் தொலைபேசியில் அழைத்தார். கோபமே இல்லை. "தம்பி, பக்கத்துல பூதக்கண்ணாடி இருக்கா? உங்ககிட்ட இதே மாதிரி வேற பழைய தலை இருந்தா எடுத்துக்கோங்க. ஓரத்துப் பற்களை மட்டும் பாருங்க" என்றார். பார்த்தேன். அசல் தலையில் ஒவ்வொரு பல்லின் நுனியிலும் காகித நார் பஞ்சு போல மெத்தென்று பிரிந்திருந்தது. "நான் வாங்கினதுல நுனி விறைப்பா இருக்கு. விரலால வருடினா குத்துது. பசை பல்லுக்குள்ள இறங்கியிருக்கு" என்றார்.

எனக்குப் புரிந்துவிட்டது. அச்சகத்தில் முதலில் தாளுக்குப் பசை தடவுவார்கள், பிறகுதான் துளையிடுவார்கள். அதனால் பற்களின் நுனியில் பசை ஏற வழியே இல்லை. துளையிட்ட பிறகு யாரோ புதிதாகப் பசை தடவினால்தான் நுனிவரை ஊறும். யாரோ எப்போதோ கீல் தடத்தைக் கழுவி, மறுபசை தடவியிருக்கிறார்கள். அதைக் கண்டுபிடிக்கத் தெரியாமல் நான் வாங்கி, அசல் என்று சொல்லி விற்றிருக்கிறேன்.

"ஐயா, தலை வந்து சேரும் வரை காத்திருக்க மாட்டேன், பணத்தை இப்போதே அனுப்பிவிடுகிறேன்" என்றேன். முழுத் தொகை, அவர் திருப்பி அனுப்பும் தபால் செலவு, இரண்டையும் அந்தப் பேச்சு முடிந்த கையோடு அனுப்பினேன். என் அந்த மாத வருமானத்தில் பாதி. எனக்கு விற்றவரைக் கேட்டேன். மூன்று வருடம் ஆகிவிட்டது என்று கைவிரித்தார். பிறகு அதே தலையை "மறுபசை" என்று தெளிவாக எழுதி, மூன்றில் ஒரு பங்கு விலைக்கு விற்றேன்.

புகார் வந்தவுடன் "இவர் ஏமாற்றப் பார்க்கிறார்" என்று நினைப்பது நமக்கெல்லாம் பழக்கமாகிவிட்டது. அந்த ஆசிரியர் நேராகப் புகார்ப் பொத்தானை அழுத்தியிருந்தால் நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன், வாதாடியிருப்பேன். முப்பது வருடம் தலை சேர்த்த என்னால் கண்டுபிடிக்க முடியாததை அவர் விரல் நுனியால் கண்டுபிடித்தார் என்பது பிறகுதான் உறைத்தது.


சென்னையிலிருந்து:

சுருக்கமா ரெண்டு.

ஒண்ணு: ரிட்டர்ன் பேரைச் சொல்லி ஒருத்தர் கியூஆர் கோடு அனுப்பினார். "கூரியர் செலவை நான் உங்களுக்குத் தர்றேன், இதை ஸ்கேன் பண்ணி யூபிஐ பின் நம்பர் போடுங்க"ன்னார். பணம் வாங்கறதுக்கு யாரும் பின் போட வேண்டாம். பின் போட்டா நம்ம கணக்குல இருந்து போகும். என் நண்பர் ஒருத்தர் போட்டுட்டார், எட்டாயிரம் போச்சு. இப்படி ஆனா உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அடிங்க, தாமதிச்சா பணத்தைப் பிடிக்க முடியாது. ரிசர்வ் வங்கி பேர்ல "பழைய நோட்டு, காசு வாங்கறோம், கமிஷன் கட்டுங்க"ன்னு வர்றதும் மோசடிதான். 2021-லயே ரிசர்வ் வங்கி அறிக்கை விட்டுச் சொல்லிடுச்சு.

ரெண்டு: சிங்கப்பூர்ல இருந்து ஒரு நம்ம ஆள் விக்டோரியா ரூபாய் கேட்டார். அனுப்ப முடியாதுன்னேன். நூறு வருஷம் தாண்டின காசு 1972 சட்டப்படி தொல்பொருள், நாமளா வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. அவர் கோபப்பட்டு "ஆர்டர் எடுத்துட்டு ஏமாத்தறாங்க"ன்னு புகார் போட்டார். சட்டத்தைச் சொல்லி பதில் எழுதினேன், மூடிட்டாங்க. இப்போ விவரத்துல முதல் வரியே "இந்தியாவுக்குள் மட்டும்".


சேலத்திலிருந்து:

நான் புதுசு. "நோ ரிட்டர்ன்"னு கொட்டை எழுத்துல போட்டுட்டா இந்தத் தொல்லையெல்லாம் வராதில்லையா? அப்புறம், திருச்சி அண்ணே, தராசு இருந்தாப் போதுமா, வெள்ளியா இல்லையான்னு வீட்டுலயே பார்க்க முடியுமா?


திருச்சியிலிருந்து:

தம்பி, "நோ ரிட்டர்ன்" உங்களைக் காப்பாத்தாது. 2020 மின்வணிக விதிகள்படி, பொருள் போலியா இருந்தாலோ, குறையோட இருந்தாலோ, விளம்பரத்துல சொன்னபடி இல்லைன்னாலோ விற்கிறவர் திரும்ப எடுத்துக்க மாட்டேன்னு சொல்ல முடியாது. வாங்கினவர் 1915-க்குக் கூப்பிட்டா நுகர்வோர் உதவி மையத்துல புகார் பதிவாயிடும். "மனசு மாறிட்டா எடுத்துக்க மாட்டேன், சொன்னதுக்கு மாறா இருந்தா ஏழு நாளுக்குள்ள எடுத்துக்கறேன்"னு எழுதுங்க. நான் அப்படித்தான் எழுதறேன், அதுக்காக எனக்கு வியாபாரம் குறையலை.

வெள்ளி சோதனை வீட்டுலயே பண்ணலாம். 0.01 கிராம் வரைக்கும் காட்டற சின்ன தராசு வேணும். முதல்ல காசை எடை போட்டு எழுதிக்கோங்க. அப்புறம் தராசு மேல ஒரு டம்ளர் தண்ணி வெச்சு பூஜ்ஜியம் ஆக்குங்க. மெல்லிசு நூல்ல காசைக் கட்டி, தண்ணிக்குள்ள முழுசா மூழ்கற மாதிரி தொங்க விடுங்க. அடியிலயும் பக்கத்துலயும் தொடக் கூடாது, காத்துக் குமிழி ஒட்டியிருக்கக் கூடாது. அப்போ தராசு ஒரு எண் காட்டும். முதல் எடையை அந்த எண்ணால வகுத்துக்கோங்க.

நல்ல பிரிட்டிஷ் ரூபாய், அதாவது 1940-க்கு முன்னாடி வந்த நூத்துக்கு 91.7 வெள்ளி, 11.66-ஐ 1.13-ஆல வகுத்தா 10.3 பக்கம் வரும். எனக்குத் திரும்பி வந்த அந்தக் காசு 9.90, தண்ணியில 1.15. வகுத்தா 8.6. பித்தளைக்கும் ஜெர்மன் சில்வருக்கும் வர்ற எண் அது. ஒரு விஷயம் மறந்துடாதீங்க: 1940-லயிருந்து வெள்ளியைப் பாதியாக் குறைச்சுட்டாங்க, அந்தக் காசுக்கு 10.3 வரலைன்னு போலின்னு சொல்லிடக் கூடாது.

இந்த ரெண்டு எண்ணையும் இப்போ நான் விவரத்துலயே எழுதிடறேன், தராசுப் போட்டோவோட. மதுரை சகோதரி சொன்ன துண்டுச் சீட்டையும் இந்த வாரத்துல இருந்து வைக்கப் போறேன். கோவை ஐயா, அந்தப் பற்களோட போட்டோவைப் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் போட முடியுமா? என்கிட்ட பன்னிரண்டு அணா ஒண்ணு இருக்கு. விற்கிறதுக்கு முன்னாடி விரலால ஒரு தடவை வருடிப் பார்த்துடறேன்.