பென்டாக்ஸ் கே1000: பாதிப் படம் கறுப்பு, சிலதில் சிவப்புத் தீற்று

குளச்சல்காரன்:

அப்பா ஸ்டூடியோ வைத்திருந்த காலத்துக் கேமரா இது. பென்டாக்ஸ் கே1000, 50 எம்.எம். எஃப்2 லென்ஸ். 1989-ல் பெரிய மாமா சவுதியிலிருந்து வரும்போது கொண்டுவந்தது. அப்பா டிஜிட்டலுக்கு மாறியபின் தோல் உறையோடு பீரோவுக்கு மேலே ஏறியது, பதினைந்து வருடம் இறங்கவே இல்லை.

கோடக் கோல்ட் 200 ஒரு ரோல் போட்டேன். முட்டம் கலங்கரை விளக்கப் பாறைகளில் இரண்டு நாள் எடுத்தேன். மிச்சத்தைக் கோட்டாறு சவேரியார் கோவில் திருவிழாவில், ராத்திரி தேர்ப் பவனிக்கு அப்பாவின் பழைய ஃப்ளாஷை மாட்டி எடுத்தேன். வெளியூர் லேப் ஒன்றில் கழுவக் கொடுத்தேன், ஸ்கேன் மட்டும் மெயிலில் வந்தது. பார்த்ததும் வயிறு எரிந்தது. முட்டம் படங்கள் சிலவற்றில் சிவப்பும் ஆரஞ்சுமாக ஒரு தீற்று. ஃப்ளாஷ் படங்கள் எல்லாவற்றிலும் ஒரு பக்கம் பாதி கறுப்பு. அந்தக் கறுப்பில் கோவில் சீரியல் பல்புகள் மட்டும் மினுங்குகின்றன. மீட்டர் முள்ளும் அசையவில்லை, செல்போன் ஆப்பில் வெளிச்சம் பார்த்துத்தான் எடுத்தேன்.

இங்கே ஒருவரிடம் காட்டினேன். கையில் வாங்கின உடனே "ஷட்டர் போச்சு, நாலாயிரம் ஆகும்" என்றார். அப்பாவிடம் கேட்டால், "இருபது வருசம் அதைச் சுமந்தே தோள் போச்சு, என்கிட்ட கேக்காத" என்கிறார். நாலாயிரம் கொடுக்கலாமா, வேண்டாமா?

பார்வதிபுரம் பாலம்:

ஷட்டரைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லட்டும், மீட்டருக்கு மட்டும் சொல்கிறேன். அடியில் வட்ட மூடி இருக்கும், ஒரு ரூபாய் நாணயத்தால் திருகினால் வரும். உள்ளே ஒரே ஒரு பட்டன் செல், எல்ஆர்44. பதினைந்து வருடமாகப் பழைய செல் உள்ளேயே கிடந்திருந்தால் உப்புப் பூத்திருக்கும். காது குடையும் பஞ்சுக் குச்சியில் சமையல் வினிகரைத் தொட்டுத் துடைத்து, காய்ந்தபின் பென்சில் ரப்பரால் தேயுங்கள். மணிமேடை பக்கம் எந்த வாட்ச் கடையிலும் செல் கிடைக்கும். எஸ்ஆர்44 கேட்டால் இன்னும் நல்லது, அதிக நாள் வரும்.

இந்தக் கேமராவில் மீட்டருக்கு ஆன்-ஆஃப் கிடையாது. வெளிச்சம் பட்டால் செல் தீர்ந்துகொண்டே இருக்கும். லென்ஸ் மூடிதான் சுவிட்ச். எடுத்து முடித்ததும் மூடி வையுங்கள்.

தக்கலை இருட்டறை:

மக்களே, நாலாயிரம் கொடுக்காதே. ஷட்டர் போகவில்லை. போயிருந்தால் அந்தக் கறுப்புப் பாதியில் சீரியல் பல்பு எப்படித் தெரியும்? சாட்சியை நீயே எழுதிவிட்டு, அப்புறம் கேள்வியும் கேட்கிறாய்.

கே1000-ல் இரண்டு துணித் திரை, பக்கவாட்டில் ஓடும். ஷட்டர் வேகத்தை 60-லோ (நொடியில் அறுபதில் ஒரு பங்கு) அதற்குக் கீழேயோ வைத்தால் முதல் திரை முழுசாக விலகிய பிறகுதான் இரண்டாவது கிளம்பும். நடுவில் ஒரு கணம் ஃபிலிம் மொத்தமும் திறந்து கிடக்கும், ஃப்ளாஷ் வெட்டுவது அப்போதுதான். 125-ல் வைத்தால் முதல் திரை போய்ச் சேர்வதற்குள் இரண்டாவது பின்னாலேயே புறப்பட்டுவிடும். ஃப்ளாஷ் வெட்டும்போது பாதி ஃபிலிம் மூடியிருக்கும். சீரியல் பல்பு எந்நேரமும் எரிகிற சாமான், திரையின் இடுக்கு அந்தப் பக்கம் வரும்போது அதுவும் பதிந்துவிட்டது. நீ 125-ல் வைத்து எடுத்திருக்கிறாய், கேட்டியா.

நம்பிக்கை வராவிட்டால் ஃபிலிம் இல்லாமல் பின்மூடியைத் திற. லென்ஸை முழுசாகத் திறந்து எஃப்2-ல் வை, ஃப்ளாஷை மாட்டி வெள்ளைச் சுவரைப் பார்த்து 60-ல் அடி. பின்னால் இருந்து பார்த்தால் செவ்வகம் முழுக்க வெளிச்சம் வெட்டும். 125-ல் அடி, பாதிதான் வெட்டும். காசு செலவில்லாத பரிசோதனை. அந்தப் பழைய ஃப்ளாஷை உன் டிஜிட்டல் கேமராவில் மட்டும் மாட்டிவிடாதே. சில பழசுகளில் கேமராவைத் தொடும் காலடியில் இருநூறு வோல்ட்டுக்கு மேல் நிற்கும். கே1000 அதைத் தாங்கும், டிஜிட்டல் தாங்காது.

சிவப்புத் தீற்றுக்கு வருவோம். ஸ்கேனை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஸ்கேன் பண்ணுகிறவன் ஓரத்தை வெட்டிவிடுவான், நமக்கு வேண்டியது அந்த ஓரம்தான். லேபில் நெகட்டிவைக் கேட்டு வாங்கு. தீற்று ஃபிலிம் ஓரத்துப் பல்லோட்டை வரைக்கும் ஏறியிருந்தால் பின்மூடி வழியாக வெளிச்சம் இறங்குகிறது. படத்தின் சட்டத்துக்குள்ளேயே நின்றுவிட்டால் கோளாறு முன்பக்கம். எனக்குப் பின்மூடி மேல்தான் சந்தேகம். பின்னாலிருந்து வரும் வெளிச்சம் முதலில் படுவது சிவப்பைப் பிடிக்கிற அடுக்கில், அதனால்தான் அந்த நிறம்.

பின்மூடி உட்காரும் பள்ளத்திலும் கீல் பக்கத்திலும் கறுப்புப் பஞ்சு ஒட்டியிருப்பார்கள். நம்மூர் ஈரத்தில் அந்தச் சவத்துப் பஞ்சு தார் மாதிரி உருகிவிடும். விரலால் தொட்டுப் பார், கறுப்பாக ஒட்டினால் அதன் ஆயுசு முடிந்தது. தென்னை ஈர்க்குச்சி முனையில் பஞ்சு சுற்றி, ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்துச் சுரண்டி எடு. கேமராவைக் கவிழ்த்துப் பிடித்துச் செய், துணுக்குத் துணித் திரையில் விழக்கூடாது. பள்ளத்தில் கறுப்புக் கம்பளி நூலை அழுத்தி வைத்தால் போதும், பசைகூட வேண்டாம். கீல் பக்கம் மட்டும் அகலமான இடம், அங்கே கறுப்பு வெல்வெட் துண்டு ஒட்டு. முன்னால், லென்ஸுக்குப் பின்னே இருக்கும் முகம்பார்க்கும் கண்ணாடி மேலே போய் முட்டும் இடத்திலும் ஒரு கீற்றுப் பஞ்சு உண்டு. அதற்குப் பக்கத்தில்தான் ஃபோகஸ் பார்க்கும் திரை, அதில் ஆல்கஹால் பட்டால் மங்கிவிடும். கண்ணாடிக்குப் பூச்சு முன்பக்கமே இருக்கிறது, மெல்லிய துணியால் துடைத்தால்கூடக் கீறல் விழும்.

இதை நீ கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். ஃபிலிம் போட்டபின் ரீவைண்ட் கைப்பிடியை மெதுவாகச் சுற்றித் தொய்வை எடு. அப்புறம் ஒவ்வொரு தடவை லீவரைத் தள்ளும்போதும் அந்தக் கைப்பிடி எதிர்ப்பக்கம் சுற்றுகிறதா என்று பார். சுற்றவில்லை என்றால் ஃபிலிம் ஓடவில்லை. 1991-ல் குலசேகரத்தில் ஒரு கல்யாணம். படம் எண்ணும் எண்ணி 36 தாண்டி 38-ம் ஆனபிறகுதான் எனக்கு உறைத்தது. ஃபிலிமின் நாக்கு பல்லில் மாட்டவே இல்லை, ஒரு படமும் இல்லை. சாயங்காலம் மாப்பிள்ளையைத் தாலியைப் பிடித்தபடி குனியச் சொல்லி எடுத்தேன். மாப்பிள்ளை சிரித்தார். பெண்ணின் அப்பா அதன்பிறகு என்னோடு பேசவில்லை.

குளச்சல்காரன்:

அண்ணாச்சி, சுவரில் அடித்துப் பார்த்தேன். நீங்கள் சொன்னதேதான். 60-ல் முழுசு, 125-ல் பாதி. திருவிழாவில் கூட்டம் நெருக்கியதில் கை ஆடுமே என்று நானே வேகத்தை ஏற்றியது இப்போது ஞாபகம் வருகிறது.

நெகட்டிவைக் கேட்டு லேபுக்கு மூன்று தடவை போன் பண்ணினேன். "ஸ்கேன் வந்துடுச்சே, நெகட்டிவ் எதுக்கு?" என்று கேட்டார்கள். கொரியர் காசு தனியாகக் கொடுத்தபிறகு வந்தது. தீற்று பல்லோட்டையைத் தாண்டி விளிம்பு வரைக்கும் போயிருக்கிறது. 9, 10-வது படங்களில்தான் மோசம். முதல் நாள் முட்டம் போய்வந்தபின் ஒரு வாரம் கேமராவை ஜன்னலோர மேசையில் போட்டிருந்தேன், அப்போது உள்ளே நின்ற படங்கள் அவைதான்.

செல் பச்சையாகப் பூத்துத்தான் இருந்தது. வினிகரில் துடைத்துப் புதுசு போட்டதும் முள் எழுந்தது. ஆனால் ஃபிலிம் வேகம் காட்டும் ஏஎஸ்ஏ 100-ல் நின்றது, ஷட்டர் சக்கரத்தின் வெளிவளையத்தைத் தூக்கித் திருப்பி 200 வைத்தேன். உச்சிவெயிலில் 250-ல் எஃப்16 வைத்துக் கடற்கரையைப் பார்த்தால் முள் ஏறக்குறைய நடுவில் நிற்கிறது. சரிதானே?

பார்வதிபுரம் பாலம்:

சரிதான், மீட்டர் பிழைத்துவிட்டது. அந்தத் தோல் உறையில் திரும்பவும் வைக்காதீர்கள். தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், லென்ஸில் பூஞ்சை பிடிக்க அதுவே போதும். எஃப்2-ல் திறந்து பின்னாலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள், சிலந்தி வலை மாதிரி தெரிந்தால் பூஞ்சை. ஓரத்தில் கொஞ்சம் என்றால் படத்தில் பெரிதாகத் தெரியாது. காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். நமக்கு ஆடிச் சாரலும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு, வருடத்தில் பாதி நாள் ஜெல் ஈரமாகத்தான் இருக்கும். அவ்வப்போது சூடாக்கி உலர்த்துங்கள், அந்தச் சட்டியில் அப்புறம் சமைக்க வேண்டாம்.

குளச்சல்காரன்:

நேற்று உட்கார்ந்து பஞ்சு வேலையை முடித்தேன். மூன்று மணி நேரம் ஆனது. கம்பளி நூல் அம்மாவின் பின்னல் பையில் கிடைத்தது, வெல்வெட் தங்கச்சியின் வளையல் பெட்டியிலிருந்து வெட்டியது (அவளுக்கு இன்னும் தெரியாது). அப்பா ஒன்றும் பேசாமல் பக்கத்தில் வந்து நின்றார். கடைசியில் கேமராவை வாங்கி லீவரை ஒரு தடவை தள்ளி, காதோரம் வைத்து ஒரு நொடி வேகத்தில் அமுக்கிக் கேட்டார். "ஓடுது" என்றார், போய்விட்டார்.

ஒரே ஒரு சந்தேகம். வியூஃபைண்டரில் பார்த்தால் இப்போது ஒரு கறுப்புப் புள்ளி தெரிகிறது. படத்தில் வருமா?

தக்கலை இருட்டறை:

வராது. பழைய பஞ்சுத் துணுக்கு ஃபோகஸ் திரையில் ஒட்டியிருக்கும். அங்கே இருப்பது உன் கண்ணுக்குத் தெரியும், ஃபிலிமுக்குத் தெரியாது. ரப்பர் குமிழால் ஒரு தடவை ஊது. போகவில்லை என்றால் விட்டுவிடு. தொடாதே.

குளச்சல்காரன்:

தொட்டுட்டேன் அண்ணாச்சி.