120 ரூபாய் நர்சரி செடி போன்சாய் ஆகுமா?

கேள்வி (கோவை_மாடி):
கத்திரி வெயில் முடியட்டும்னு காத்திருந்து, போன வாரம் நர்சரியில போன்சாய்க்காக (தட்டுல குட்டையா வளர்க்கற மரம்) ஒரு ஃபைகஸ் (ஆல், அரச மர இனம்) வாங்கினேன். கல்லிச்சின்னு சொன்னாங்க. விலை 120 ரூபாய். கறுப்புக் கவர்ல இருக்கு, ரெண்டடி உயரம், தண்டு கட்டைவிரல் பருமன். பீங்கான் தட்டும் வாங்கியாச்சு, ரெண்டு அங்குல ஆழம். இந்த ஞாயித்துக்கிழமையே மேல வெட்டி, வேரைக் குறைச்சு, கிளையை வளைக்கக் கம்பி சுத்தி, தட்டுல வச்சிடலாமா?

பதில் (திருச்சி_இச்சி):
தம்பி, தட்டை அலமாரியில பத்திரமா எடுத்து வைங்க. ரெண்டு மூணு வருஷம் அதுக்கு வேலை இல்ல.

என் கல்லிச்சி 2011-ல 60 ரூபாய்க்கு வாங்கினது. வாங்கின வாரமே தட்டுல வச்சேன். நாலு வருஷம் ஆகியும் தண்டு பென்சில் அளவுகூடப் பெருக்கல. வேர் ஓட இடமில்லன்னா மேல தழை விடாது. தழை இல்லாம தண்டு எப்படிப் பெருக்கும்? கடைசியில மனசைக் கல்லாக்கிக்கிட்டு வீட்டுப் பின்னாடி தரையில இறக்கினேன். மூணு வருஷத்துல மணிக்கட்டு பருமன் வந்துடுச்சு. மாடின்னா பழைய பிளாஸ்டிக் பேசின்ல சூட்டுக்கம்பியால நிறைய ஓட்டை போட்டு வைங்க.

ஞாயித்துக்கிழமை ஒரே வேலை பண்ணுங்க: தண்டைச் சுத்தி மேல் மண்ணைப் பழைய பிரஷ்ஷால தள்ளித் தள்ளிப் பாருங்க. நர்சரி செடியில அடித்தூர் பெரும்பாலும் ரெண்டு விரக்கடை மண்ணுக்குள்ள மூடிக் கிடக்கும். வேர் நாலாபக்கமும் பிரியற இடம் தெரியறப்பதான் அது மரமாத் தெரிய ஆரம்பிக்கும். எனக்கு அந்த நிமிஷம் இன்னிக்கும் அலுக்கல. அதைப் பார்த்த பிறகுதான் முன்பக்கம் எது, எங்க வெட்டணும்னு முடிவு பண்ண முடியும்.

பதில் (தாம்பரம்_அக்கா):
அண்ணன் சொல்றதுதான் சரி. கல்லிச்சி எடுத்தது நல்லதாப் போச்சு தம்பி. படத்துல பார்த்த ஆசையில நான் ஜூனிபர்னு ஒரு ஊசியிலைச் செடி வாங்கினேன். சென்னை சூட்டுல, ஹால் டேபிள் மேல வச்சேன். ரெண்டு மாசம் பச்சையாவே இருந்துச்சு. ஒருநாள் தொட்டா நொறநொறன்னு உதிருது. அது செத்து எத்தனையோ வாரம் ஆகியிருக்கு. வேர் போனாலும் அந்த இலை நிறம் உடனே மாறாது. வெளியில, குளிர் காலம் உள்ள ஊர்ல வளரவேண்டிய செடி அது. இன்னொண்ணு, ஜூனிபர்ல பச்சை இல்லாத கிளையை வெட்டினா அங்க துளிர் வராது. கல்லிச்சியில மொட்டைத் தண்டுலயே துளிர் வெடிக்கும்.

கோவை_மாடி:
அண்ணா, மண்ணைத் தள்ளினேன். வேர் மூணு பக்கம் அழகாப் பிரியுது. நாலாவது ஒரு வேர் தண்டைச் சுத்திக் கயிறு மாதிரி இறுக்கியிருக்கு. உள்ள கெட்டியான செம்மண் உருண்டை, தண்ணி இறங்கவே இல்ல.

திருச்சி_இச்சி:
அந்தக் கயிறு வேரை இப்பவே வெட்டி எடுத்துடுங்க, இல்லன்னா தண்டு பெருக்கறப்ப நெரிச்சுடும். பால் வடியும், தண்ணி தெளிச்சா நின்னுடும், கண்ணுல மட்டும் படவிடாதீங்க. செம்மண்ணை ஒரே நாள்ல முழுசாக் கழுவ வேண்டாம், ஓரமா மூணுல ஒரு பங்கு குச்சியால உதிர்த்தா போதும். சலிச்ச செங்கல் ஜல்லி, பருமணல், மட்கின உரம் மூணையும் கலந்து நிரப்புங்க. பட்டாணி அளவு ஜல்லி, தூசு கூடவே கூடாது. ஓட்டை மேல கொசுவலைத் துண்டு.

மேல் வெட்டு இப்ப வேண்டாம். வேர் பிடிச்சு, புது இலை நாலஞ்சு விரிஞ்ச பிறகு, கீழ ஒரு பக்கக் கிளையை விட்டுட்டு அதுக்கு மேல வெட்டுங்க. அந்தக் கிளைதான் நாளைக்குத் தண்டோட தொடர்ச்சி. கம்பி அதுக்கப்புறம். அலுமினியக் கம்பி, கிளைப் பருமன்ல மூணுல ஒண்ணு. மழைக்காலத்துல வாரா வாரம் பாருங்க. ஃபைகஸ் சட்டுனு பெருக்கும், கம்பி பட்டையில பதிஞ்சா தழும்பு வருஷக்கணக்கா நிக்கும்.

கோவை_மாடி:
கயிறு வேரை எடுத்துட்டேன். அது இருந்த இடத்துல தண்டுல ஒரு பள்ளம், சுண்டுவிரல் உட்காரும். இங்க இப்ப சாரல் காத்து அடிக்குது, செடியைச் சுவரோரம் வச்சிருக்கேன். புது இலை விரிஞ்சதும் எழுதறேன் அண்ணா.