உசமீக்வின் கை கொடுத்தது ஏன்?

மாலதி: மாமா, நேற்று அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் இருக்கிற பிளிமத் போயிருந்தோம். கடலைப் பார்த்த மேட்டில் மாசசாயிட் சிலை இருக்கிறது. "இவர்தான் இங்கிலாந்திலிருந்து கப்பலில் குடியேற வந்தவர்களுக்கு விருந்து வைத்தாரா?" என்று பாப்பா கேட்டாள். எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

மாமா: விருந்து ஆங்கிலேயர் வைத்தது மா, 1621 அறுவடைக்கு. இவர் 90 பேரோடு வந்தார். இவர் ஆட்கள் ஐந்து மான் அடித்துக் கொடுத்தார்கள். மூன்று நாள் நடந்தது. அப்புறம், மாசசாயிட் என்பது பட்டம், பெருந்தலைவர் என்று அர்த்தம். பெயர் உசமீக்வின்.

மாமா: ஆனால் கதையை விருந்தில் தொடங்காதே. 1616 முதல் 1619 வரை அந்தக் கரையில் கொள்ளைநோய். இவருடைய மக்களான வாம்பனோவாக் பூர்வகுடிகளின் ஊர்கள் பல அப்படியே காலி. நீ நேற்று நின்ற பிளிமத்தே பட்டுக்செட் என்ற ஊர் இருந்த இடம்தான். அந்த ஊர்க்காரர் டிஸ்குவாண்டம் நோயிலிருந்து தப்பியது எப்படித் தெரியுமா? 1614-ல் ஓர் ஆங்கிலேயக் கப்பல்காரன் அவரைப் பிடித்து ஸ்பெயினுக்கு விற்கக் கொண்டுபோய்விட்டான். திரும்பி வந்தபோது ஊரே இல்லை.

செந்தில்: ஆளைக் கடத்திய ஆங்கிலேயரோடு போய் உசமீக்வின் ஏன் ஒப்பந்தம் போட்டார் மாமா?

மாமா: நல்ல கேள்விடா. மேற்கே இருந்த எதிரிகளான நாரகான்செட் மக்களை அந்த நோய் அவ்வளவாகத் தொடவில்லை. இவர் பக்கமோ ஆள் பலம் போய்விட்டது. வந்தவர்களிலும் பாதிப் பேர் முதல் குளிர்காலத்திலேயே செத்தார்கள், ஆனால் துப்பாக்கி இருந்தது. 1621 மார்ச்சில் 60 பேரோடு போய்ப் பேசினார். ஒருவர் மேல் யாராவது அநியாயமாகப் படையெடுத்தால் மற்றவர் துணைக்கு வர வேண்டும் என்று முடிவானது. அவரை வெறும் இளகிய மனசுக்காரர் என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும். தன் மக்களைக் காப்பாற்ற யோசித்து எடுத்த முடிவு அது.

மாலதி: அந்த ஒப்பந்தத்தைப் படித்தேன் மாமா. இவர் ஆள் தப்பு செய்தால் ஆங்கிலேயரிடம் தண்டனைக்கு அனுப்ப வேண்டும். அவர்கள் ஆள் தப்பு செய்தால்? இவரிடம் தண்டனைக்கு அனுப்ப வேண்டும் என்று இல்லை.

மாமா: அதேதான் மா. பின்னால் வந்ததெல்லாம் அந்த ஓட்டை வழியாகத்தான் வந்தது.

அத்தை: ஏங்க, அவர் கடைசிவரை சொல் தவறவில்லையா?

மாமா: தவறவே இல்லை. 1623-ல் இவர் சாகக் கிடந்தபோது பிளிமத்தில் குடியேறிய வின்ஸ்லோ என்பவர் போய் வாயையும் நாக்கையும் சுத்தம் செய்து, கஞ்சி மாதிரி காய்ச்சிக் கொடுத்துப் பிழைக்க வைத்தார். அந்த நன்றியும் இருந்தது. சாகும்வரை, ஏறக்குறைய 40 வருடம், சண்டையே இல்லை. அதற்குள் குடியேறியவர்கள் பெருகி நிலம் கைமாறிவிட்டது. 1662-ல் மூத்த மகன் வாம்சுட்டாவை விசாரணை என்று பிடித்துப் போனார்கள், கொஞ்ச நாளில் இறந்துபோனார். இளையவர் மெட்டாகாம் 1675-ல் போருக்கு எழுந்தார். அடுத்த வருடம் கொன்று, தலையை அதே பிளிமத்தில் கம்பத்தில் செருகி வருடக்கணக்கில் வைத்திருந்தார்கள். அவர் மகனை, ஒன்பது வயதுப் பிள்ளையை, அடிமையாக விற்றார்கள்.

அத்தை: ஐயோ, பேரப்பிள்ளையையா?

மாலதி: அந்த விருந்தின் நினைவாக அமெரிக்காவில் கொண்டாடும் நன்றி தெரிவிக்கும் நாளில் சிலை இருக்கிற அந்த மேட்டில் பூர்வகுடி மக்கள் கூடித் துக்க நாள் அனுசரிக்கிறார்கள் மாமா, 1970-லிருந்து. பலகையில் பார்த்தேன். வருகிற நவம்பரில் பாப்பாவை அன்றைக்கு அழைத்துப் போகிறேன்.