லாரி கடந்ததும் ஒரு சக்கரம் தூக்குகிறது: பாய் கட்டிய மூன்று சக்கரச் சைக்கிளுக்கு உதவி தேவை

வள்ளியூர் மிதிகாரன்:
சாய்ந்து உட்கார்ந்து மிதிக்கும் மூன்று சக்கரச் சைக்கிள் ஒன்றை நானே செய்து ஓட்டி வருகிறேன். முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று. முன் சக்கரங்களுக்கு இடையே 78 செ.மீ. வண்டியும் நானும் சேர்ந்து 95 கிலோ. ஆனியில் மேற்கிலிருந்து வீசும் மேல்காற்று பிடித்ததும் ஆசை வந்து, பெடலுக்கும் முன்னால், சட்டத்தின் நுனியில் அலுமினியக் குழாய் நட்டு 1.5 சதுர மீட்டர் பாய் கட்டினேன். துணி, அக்காள் மகள் கல்யாணத்துக்கு அடித்த ஃப்ளெக்ஸ் பேனர். மணமக்கள் படம் இன்னும் அதில் இருக்கிறது.

நான்குவழிச் சாலையில் வள்ளியூரிலிருந்து பணகுடி வழியாகக் காவல்கிணறு நோக்கிப் போகும்போதுதான் சிக்கல். லாரி என்னை முந்தும்போது பாய் தொய்ந்து, வண்டி தானாக லாரிப் பக்கம் திரும்புகிறது. லாரி போன மறுநொடி காற்று அறைந்து வலது சக்கரம் தரையை விட்டு எழுகிறது. நேற்று ஒரு சாண் எழுந்தது. திரும்பி வரும்போது இந்தத் தொல்லை இல்லை. ஹாண்டில் கோளாறா, சக்கரக் கோணமா? இரண்டையும் சரிபார்த்துவிட்டேன்.

தென்காசி சைக்கிள்:
டயரில் காற்று குறைவாக இருக்கும். எனக்கும் இப்படி இழுத்தது.

வள்ளியூர் மிதிகாரன்:
பார்த்துவிட்டேன். பாயைச் சுருட்டினால் வண்டி நூல் பிடித்தாற்போல் போகிறது.

இடிந்தகரைத் தோணி:
சைக்கிள் எனக்குத் தெரியாது, பாய் தெரியும். தெற்கே போகும்போது காற்று உங்களுக்கு வலப்பக்கம். நம் ஊரில் முந்துகிற வண்டியும் வலப்பக்கம்தான் வரும். காற்றுக்கும் உங்களுக்கும் நடுவே லாரி சுவர் போல் நின்றுவிடுகிறது. வடக்கே திரும்பினால் காற்று இடப்பக்கம். முந்தும் லாரி காற்றை மறைப்பதில்லை. அதனால்தான் தொல்லை ஒரு திசையில் மட்டும்.

இனி லாரிப் பக்கம் திரும்புவது. பாய்மரத்தை, அதாவது அந்தக் குழாயை, அவ்வளவு முன்னால் நட்டால் காற்று மூக்கைத்தான் தள்ளும். அதை எதிர்த்து நீங்கள் அறியாமலே ஹாண்டிலை வலப்பக்கம் ஒடித்துப் பிடித்திருப்பீர்கள். காற்று நின்றதும் கை மட்டும் மிச்சம். வண்டி வலப்பக்கம் போகாமல் வேறு எங்கே போகும்?

ஒன்று கேட்கிறேன். பாயின் கீழ் மூலைக் கயிற்றை, நாங்கள் தாமான் என்போம், எங்கே கட்டியிருக்கிறீர்கள்?

வள்ளியூர் மிதிகாரன்:
சட்டத்தில் பல்லுள்ள கிளிப் ஒன்றில் கவ்வியிருக்கிறது. இரண்டு கையும் ஹாண்டிலில் இருக்க வேண்டுமே.

இடிந்தகரைத் தோணி:
அதுதான் வினை. கச்சான் காற்றில் (மேல்காற்றைத்தான் சொல்கிறேன்) தாமானைக் கட்டிப்போட்டுவிட்டு உட்கார்ந்தால் தோணி கவிழும். கடலில் காற்று வரும் பக்கம் ஆள் ஏறி உட்கார்ந்து சமன் செய்யலாம். நீங்களோ சாய்வு நாற்காலியில் படுத்திருக்கிறீர்கள். கயிறு கையில் இருக்க வேண்டும், விட்டால் ஓட வேண்டும்.

பாளை பட்டறை:
அண்ணாச்சி சொல்வதைக் கணக்கில் பார்க்கலாம். பக்கக் காற்று வினாடிக்கு 8 மீட்டர், நீங்கள் ஓடுவது 6 மீட்டர் (மணிக்கு 22 கி.மீ. அளவு) என்று வையுங்கள். பாய் உணரும் காற்று 10 மீட்டர், அதுவும் நேர் பக்கத்திலிருந்து அல்ல, முன்பக்கம் சாய்ந்து. பாயைச் சரியாகப் பிடித்திருந்தால் பக்கவாட்டுத் தள்ளல் சுமார் 8 கிலோ.

கவிழ எவ்வளவு வேண்டும்? 78-ல் பாதி 39 என்று நினைக்காதீர்கள். இந்த வண்டி சாய்வது ஒரு முன் சக்கரத்தையும் பின் சக்கரத்தையும் இணைக்கும் கோட்டின் மேல். எடையில் மூன்றில் இரண்டு பங்கு முன்னால் இருந்தால் உங்களைக் கவிழாமல் தாங்கும் தூரம் 26 செ.மீ.தான். பாயின் நடுப்பகுதி தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரம் என்றால் 16 கிலோ தள்ளல் போதும், சக்கரம் எழுந்துவிடும்.

லாரி விலகியதும் 12 மீட்டர் வேகத்தில் ஒரு வீச்சு வருகிறது. காற்று ஒன்றரை மடங்கு என்றால் விசை இரண்டு மடங்குக்கு மேல். கயிறு இறுகிக் கிடப்பதால் பாய் காற்றை வழியவிடாமல் முழுதாக வாங்கும். தள்ளல் 17 கிலோவைத் தொடும். நேற்று உங்களுக்கு நடந்தது அதுதான்.

பாயை ஒரு சதுர மீட்டராக வெட்டுங்கள். மரத்தைப் பின்னுக்குக் கொண்டுவந்து இரண்டு முன் சக்கரங்களுக்கும் இடையிலுள்ள குறுக்குக் குழாயில் நடுங்கள். பாயின் நடு உயரத்தை 1.4 மீட்டருக்குக் கீழே இறக்க முடியாது, முழங்கால் இடிக்கும். அப்போதும் அதே வீச்சில் 12 கிலோவுக்குள்தான் தள்ளும். கவிழ 17 வேண்டும். மிச்சம் குறைவுதான், ஆனால் இப்போது அதுவும் இல்லை.

தூத்துக்குடி சரக்கு:
நான் அந்தச் சாலையில் லாரி ஓட்டுகிறவன். உங்களைப் பார்த்திருக்கிறேன் என்று நினைக்கிறேன். ஏதோ லாரியிலிருந்து தார்ப்பாய் கழன்று பறக்கிறது என்று பிரேக் அடித்தேன். பக்கத்தில் வந்த பிறகுதான் கீழே ஆள் படுத்திருப்பது தெரிந்தது. உயரமான கம்பியில் கொடியும் பகலிலும் மின்னும் சிவப்பு விளக்கும் வையுங்கள். நீங்கள் எந்தப் பக்கம் சாய்வீர்கள் என்பது எங்களுக்குத் தெரியாது. உண்மையைச் சொன்னால், அந்தச் சாலைக்குப் பாய் வேண்டாம். காற்றாலைகளுக்கு நடுவே போகும் உள்சாலைகள் இருக்கின்றனவே.

தென்காசி சைக்கிள்:
இதற்கு லைசென்ஸ் வேண்டாமா?

பாளை பட்டறை:
1988 மோட்டார் வாகனச் சட்டத்தில் நான்குக்கும் குறைந்த சக்கரமும் 25 சி.சி.க்கு மிகாத எஞ்சினும் உள்ள வண்டி மோட்டார் வாகனக் கணக்கில் வராது. இதில் எஞ்சினே இல்லை. ஆனால் நடுச்சாலையில் கவிழ்ந்து பத்து லாரியை நிறுத்தினால் எந்தப் போலீஸ்காரரும் முதலில் சட்டப் புத்தகத்தைப் புரட்டமாட்டார்.

வள்ளியூர் மிதிகாரன்:
பத்து நாள் கழித்து எழுதுகிறேன். மரத்தை நகர்த்திவிட்டேன், பாய் ஒரு சதுர மீட்டர். கிளிப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, கயிற்றை ஒரு கப்பி வழியாக இடது ஹாண்டில் பிடிக்குக் கொண்டுவந்தேன். விரலைத் தளர்த்தினால் ஓடிவிடும். நான்குவழிச் சாலையில் பாயைச் சுருட்டியே போகிறேன். உள்சாலையில் மட்டும் விரிக்கிறேன். அங்கே ஒரு வசதி: காற்றாலைகள் எப்போதும் காற்றை நோக்கித் திரும்பி நிற்பதால் காற்று எங்கிருந்து வருகிறது என்று தனியே பார்க்க வேண்டியதில்லை. எதிரே காற்றாலைகள் முதுகு காட்டி நின்றால் அந்தப் பக்கத்திலிருந்தே காற்று, பாயை இறக்கிவிடுகிறேன். ஒரு பஸ் முந்தியது. கண்ணாடியில் பார்த்ததுமே கயிற்றை விட்டேன். பாய் படபடத்ததோடு சரி, சக்கரம் எழவில்லை.

வேகம் குறைந்துவிட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன். மனம் கொஞ்சம் வலிக்கிறது.

புதிதாக ஒரு தொல்லை. வடக்கே வரும்போது பாய் வலப்பக்கம் விரிந்து எதிர்ப்பக்கத்தை மறைக்கிறது. குறுக்கே வந்த ஆட்டுக்குட்டியைக் கடைசி நொடியில்தான் பார்த்தேன்.

இடிந்தகரைத் தோணி:
உங்கள் கண் மட்டத்தில் பாயில் ஒரு சன்னல் வெட்டித் தடித்த கண்ணாடித் தாளை வைத்துத் தையுங்கள். ஓரத்தை இரண்டு மடிப்பாகத் தைக்காவிட்டால் காற்று கிழித்துவிடும்.

வள்ளியூர் மிதிகாரன்:
தைத்தாயிற்று. நன்றாகத் தெரிகிறது. சரியாக அந்த இடத்தில் மாப்பிள்ளையின் முகம் இருந்தது. அக்காளிடம் இன்னும் சொல்லவில்லை.